மடித்த மூலை வரைக்கும்

நான் இப்போது சமைத்துப் போடும் விடுதியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர்களில் இரண்டு மூன்று பேர் கூடத்துத் தரையில் உட்கார்ந்து டைரிக்கு அலங்காரம் செய்வார்கள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். பூனை, குடை, காப்பித் தம்ளர் என்று தாங்களே வரைந்து அச்செடுத்த ஸ்டிக்கரைக் கத்தரித்து அன்றன்றைய பக்கத்தில் ஒட்டுகிறார்கள். போன வாரம் ஒருத்தி, "ஆன்ட்டி, இன்னைக்கு நீங்க ஒட்டுங்க" என்று ஒன்றை என் கையில் கொடுத்தாள். பின்னால் இருக்கும் தாளை உரித்தால் போதும், ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது தோன்றவில்லை. நாக்கை நீட்டி நக்கிவிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நம் வயதுக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். நாக்கில் ஈரம் தொட்டுத் தபால் தலை ஒட்டியவர்கள் நாம். ஆனால் என் நாக்கு நீண்டது அந்தப் பழக்கத்தில் இல்லை. எனக்கு யாரும் அதிகம் கடிதம் போட்டதில்லை, நானும் போட்டதில்லை. இது வேறு. எனக்குப் பத்து வயது நடந்தபோது ஒரு தை மாதம் தொடங்கி ஆடியில் முடிந்த பழக்கம்.

பொம்மிடியிலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். அம்மா புளி மண்டியில் வேலை பார்த்தாள். புளியம்பழத்தின் ஓட்டைத் தட்டி எடுத்து, நாரை உருவி, கொட்டையை நீக்கும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஓட்டுத் தூசி பறக்கும். அதனால் அம்மா இருமியபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்டியில் எல்லாரும்தான் இருமினார்கள். பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் பல் விளக்கும்போது சளியில் ரத்தம் வந்தது. சுகாதார நிலையத்து நர்சம்மா சளியை டப்பியில் வாங்கிப்போய்ப் பார்த்துவிட்டு, டி.பி. என்று சொன்னார்.

செய்தி கேட்டு அப்பாவின் அக்கா மறுநாளே வந்துவிட்டார். அத்தை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்று சொன்னார்.

"இந்தா பாரு, புள்ளைய அண்ட விட்டீனா அதுக்கும் தொத்திக்கும். தட்டு வேற, டம்ளர் வேற, பாய் வேற. மருந்து முடியற வரைக்கும் உன் மூச்சு அது மேல படக் கூடாது. ஒத்தப் புள்ள, சொல்லிட்டேன்."

"சரிங்க அண்ணி" என்றாள் அம்மா.

அத்தை கெட்டவர் இல்லை. அவர் வளர்ந்த வீட்டில் இந்த நோயில் இரண்டு பேர் போயிருந்தார்கள். தெரிந்ததைச் சொன்னார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்காகச் சாய்ப்பாக இறக்கிய ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. ஆட்டை எப்போதோ விற்றாயிற்று. அன்றைக்கே அம்மா தன் பாயையும் ஒரு ஈயத் தட்டையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டாள். அதுவரைக்கும் நானும் அவளும் ஒரே பாய். அவள் இடது கைதான் எனக்குத் தலையணை.

நர்சம்மா மாத்திரை கொண்டுவந்தபோது அவருக்கு ஐந்து மாத வயிறு. வெயிலில் நடந்து வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, மாத்திரைகளைப் பிரித்துக் காட்டினார். அதில் ஒன்று செக்கச்செவேல் என்றிருந்தது.

"எட்டு மாசம். தினமும் காலைல வெறும் வயித்துல. ஒரு நாளும் விடக் கூடாது. நாள் குறிச்சு வைக்க வூட்ல ஏதாச்சும் இருக்குதாம்மா?"

டைரி ஒன்று இருந்தது. அப்பா தொப்பூர் கணவாயில் லாரிகள் நிற்கும் ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவார். அங்கே சாப்பிட வரும் லாரிக்காரர் ஒருவர் புது வருஷத்துக்கு அவருக்கு ஒரு டைரி கொடுத்திருந்தார். பச்சை ரெக்சின் அட்டை, ஓரத்தில் பொன் வர்ணம், நாளுக்கு ஒரு பக்கம். எங்கள் வீட்டில் அதில் எழுத யாருக்கும் எதுவும் இல்லாததால் சும்மா கிடந்தது.

நர்சம்மா அன்றைய பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து மாதம் மாதமாகப் புரட்டிக்கொண்டே போனார். ஆவணிக் கடைசியில் விழும் ஒரு பக்கத்தில் நிறுத்தி அதன் மூலையை முக்கோணமாக மடித்தார்.

"இந்த மூலை வர்ற வரைக்கும் மாத்திரை. போட்டதும் அன்னைக்கிப் பக்கத்துல ஒரு கோடு போட்டுரணும்."

"கோடுகூட எனக்கு நேரா வராதுங்க நர்சம்மா" என்று அம்மா சிரித்தாள். அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை.

"நான் படம் செஞ்சு குடுக்கறேன். அம்மா ஒட்டட்டும்" என்றேன் நான்.

"அப்பிடியே ஆகட்டும் பாப்பா. ஆனா மாத்திரை உள்ள போனப்புறம்தான் படம். மாத்தி ஒட்டுனா உன்னைத்தான் பிடிப்பேன்."

அவர் போனபின் அம்மா கொட்டகையிலிருந்து எனக்குக் கேட்கும்படி சொன்னாள். "மூலை வந்ததும் உள்ள வந்துர்றேன் கண்ணு. பழையபடி ஒரே பாய்."

அதன்பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை. பள்ளிக்கூடம் போய் வந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் படம் செய்தேன். பசை மட்டும் எங்களுக்குக் குறையே இல்லை. மண்டியில் புளியங்கொட்டை குவிந்து கிடக்கும். வறுத்துத் தோலை நீக்கி, ஊறவைத்து, அம்மியில் அரைத்துக் காய்ச்சினால் கஞ்சி போலப் பசை வரும். அந்த வாசனையை எப்படிச் சொல்வது? புளிப்பும் இல்லை, சோற்று வாசனையும் இல்லை. புதுப்புடவையைப் பிரிக்கும்போது வரும் கஞ்சி வாசனைக்குக் கொஞ்சம் பக்கம். படத்தின் பின்பக்கத்தில் கோழி இறகால் அந்தப் பசையைப் பூசித் தகரத்தில் காயவைப்பேன். வெயிலில் அப்பளம் போலச் சுருளும். கல்லை வைத்து நிமிர்த்துவேன். காய்ந்தபின் நாக்கு ஈரம் பட்டால் போதும், தாளோடு தாளாகப் பிடித்துக்கொள்ளும். கரப்பான் பூச்சிக்கும் அது ரொம்பப் பிடிக்கும் என்பதால் மூடி இறுக்கமான பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன்.

அம்மாவின் வளையலை வைத்து வட்டம் போட்டு, அதற்குள் வரைந்து, பிளேடால் வெட்டினேன். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பு. துணிக்குப் போடும் நீலம் வானத்துக்கு. கல்யாணப் பத்திரிகையின் ஜிகினாவைச் சுரண்டி எடுத்து வெள்ளிக்கிழமை விளக்குக்கு வைத்தேன். தீப்பெட்டிப் படம், பீடிக் கட்டின் லேபிள், சோப்பு உறையில் இருந்த பெண்ணின் முகம், எதையும் விடவில்லை. அப்பா வரும் நாளுக்குச் சுருள் சுருளாக ஒரு பரோட்டா.

காலையில் இப்படித்தான் நடக்கும். நான் படத்தைக் கொண்டுபோய்க் கொட்டகை வாசலில் கவிழ்த்துப் போட்ட உரல் மேல் வைத்துவிட்டு நாலடி பின்னால் வந்து நிற்பேன். அம்மா மாத்திரையை வாயில் போட்டுச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பாள். பிறகு வந்து படத்தை எடுப்பாள்.

"இன்னைக்கி என்னா?"

"ஆனை."

"ஆனையா? பன்னியாட்டம் இருக்குது."

"தும்பிக்கை தெரியல?"

"அது வாலுன்னு நெனச்சேன்."

சொல்லிக்கொண்டே நக்கி, கம்பத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த டைரியை எடுத்து, நேற்று ஒட்டிய படத்துக்கு அடுத்த பக்கத்தில் வைத்துக் கட்டை விரலால் அழுத்துவாள். தேதி அவளுக்குப் படிக்கத் தெரியாது. படம் இல்லாத முதல் பக்கம் எதுவோ அதுதான் அவளுக்கு அன்றைய நாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் போய் டைரியைத் திறந்து, அவள் அழுத்திய இடத்தில் என் விரலை வைத்துப் பார்ப்பேன். படம் இன்னும் ஈரமாக இருக்கும்.

இரண்டு மாதம்தான் அவள் வீட்டில் இருந்தாள். அதற்குமேல் முடியாது. மண்டியில் நோயைச் சொல்லாமல் மறுபடி போய் உட்கார்ந்தாள். மாத்திரை அவள் வயிற்றைப் புரட்டும். வாந்தி எடுத்துவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு போவாள். இருமல் மாசியிலேயே குறைந்துவிட்டது. பங்குனியில் கன்னம் கொஞ்சம் தெளிந்தது. நர்சம்மா மாதம் ஒரு தடவை வந்து டைரியைப் புரட்டி, படங்களுக்குச் சிரித்து, அம்மாவின் எடையை விசாரித்துவிட்டுப் போவார். மாசியில் ஒரு தடவை சளியும் வாங்கிப்போய்ப் பார்த்துவிட்டு, மருந்து நன்றாகக் கேட்கிறது என்றார். அம்மா எங்கே படுக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவர் வரும்போது பகல். பாய் சுருட்டி வைத்திருக்கும். நாங்களும் சொல்லவில்லை.

சித்திரையோடு நர்சம்மா பிள்ளைப்பேற்றுக்கு லீவில் போனார். அதற்கப்புறம் மாத்திரையை அப்பாதான் சுகாதார நிலையத்தில் வாங்கி வந்தார். டைரியை அவரும் எடுத்துப் பார்ப்பார். "என் பரோட்டாவ ஒட்டி வெச்சிருக்கா பாரு. சால்னா எங்கடி?" என்பார். படத்தைப் பார்த்தார், தேதியைப் பார்க்கவில்லை.

வைகாசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. பின்வாசல் படியில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டு, "எந்திரிச்சு வா கண்ணு. இன்னும் ரெண்டு அடிதான். சுவத்தப் புடிச்சுக்கிட்டு வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் தவழ்ந்து போய்க் குடித்தேன். குடிக்கும்போது அவளைப் பார்த்தேன். இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். கையை வெளியே விட்டால் என்ன செய்துவிடுவோமோ என்று பயந்த மாதிரி. அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. என்னைத் தொட அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

காய்ச்சல் விட்டபின் ஒரு காலையில், அம்மா மண்டிக்குப் போனதும், டைரியைத் திறந்து மடித்த மூலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். விரலுக்கிடையில் பிடித்தால் இன்னும் தடிமனாகத்தான் இருந்தது. டப்பாவிலிருந்து ஒரு கிளிப் படத்தை எடுத்தேன். நக்கினேன். நாளைய பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் அம்மா கிளியைத் தாண்டி அடுத்த வெற்றுப் பக்கத்தில் ஒட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தேன். திருடுவதாக எனக்குத் தோன்றவில்லை. மூலையைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்கிறேன், அவ்வளவுதான். மருந்து என்பது வயிற்றுக்குள் போய் வேலை செய்கிற ஒன்று என்பதைவிட, அந்த மடித்த மூலைதான் நோயைக் குணமாக்கும் என்று நான் நம்பியிருந்தேன் போலிருக்கிறது. ஆனி போனது. ஆடிக் காற்றில் கொட்டகையின் ஓலை படபடத்தது. நான் ஒட்டிய நாட்கள் முப்பது ஆயின.

ஆடிக் கடைசியில் ஒரு காலை, அம்மா மடித்த மூலைப் பக்கத்தில் படத்தை ஒட்டினாள். அதற்கு நான் ஒரு பாய் வரைந்திருந்தேன். அவள் வெகு நேரம் அதைப் பார்த்துவிட்டு, மூலையை நிமிர்த்தித் தடவி விட்டாள். பிறகு கொட்டகைக்குள் போய்த் தன் பாயை உதறிச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "தள்ளு" என்றாள்.

பதினொரு நாள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் நான் ஓசூரில் ரோஜா பறித்திருக்கிறேன், திருப்பூரில் பனியனுக்குப் பிசிர் வெட்டியிருக்கிறேன், நாசிக் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களுக்குச் சோறு ஆக்கியிருக்கிறேன். எங்கே படுத்தாலும் விடியற்காலையில் அரைத்தூக்கத்தில் அந்தப் பதினொரு நாளில் ஒன்று வரும். அம்மாவின் புறங்கையில் புளி பிடித்த கறுப்பு. நகக்கண்ணில் புளிப்பு வாசனை. என் தலைக்குக் கீழே அவள் இடது கை மரத்துப் போயிருக்கும். எடுக்க மாட்டாள். நான் விழித்துக்கொண்டதை என் மூச்சை வைத்தே கண்டுபிடித்து, "இன்னும் வெளிச்சம் வரல, தூங்கு" என்பாள்.

பன்னிரண்டாம் நாள் நர்சம்மா வந்துவிட்டார். கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாராம். வந்ததும் டைரியைக் கேட்டார். ஒவ்வொரு படமாகச் சிரித்துக்கொண்டே புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இன்னைக்கித் தேதி இதும்மா. இதுக்கப்புறம் பத்தொம்பது நாளைக்கு ஒட்டியிருக்குதே. வராத நாளுக்கு எப்படிம்மா மாத்திரை போட்ட?"

அம்மா மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே முப்பது நாள் மாத்திரை அப்படியே இருந்தது.

"நான்தாங்க. கண்ணு தெரியாம ரெண்டு ரெண்டா ஒட்டிட்டேன்."

"ரெண்டு ரெண்டா ஒட்டுனவ மாத்திரை மிஞ்சுனப்ப யோசிக்க வேணாமா? பாதில நிறுத்துனா அது திரும்பி வரும்மா. திரும்பி வந்தா இந்த மாத்திரைக்கு அடங்காது. சேலத்துக்குப் போயி மாசக்கணக்குல ஊசி போட்டுக்கணும். அதுக்கும் அடங்கலன்னா நான் என்னா பண்ணுவேன்? இந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

நர்சம்மா டப்பியை நீட்டிச் சளி கேட்டார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் புள்ளைய விட்டுத் தள்ளிப் படு."

"ஏழு மாசமா தள்ளித்தானே படுத்தேன். இந்தப் பத்து நாள்தான் உள்ள" என்றாள் அம்மா.

நர்சம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஏழு மாசமாவா? யாரு சொன்னா? மாத்திரை ஒழுங்காப் போட்டு, மாசியில சளி சுத்தமாயிருச்சே. அப்பவே புள்ளையத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டிருக்கலாமேம்மா."

அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். நர்சம்மா, "நான் கேட்டிருக்கணும்" என்றார். டைரியை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பையில் வைத்துக்கொண்டார். அது திரும்பி வரவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

ரிசல்ட் வர ஆறு நாள் ஆனது. அம்மா பாயைத் தூக்கிக்கொண்டு மறுபடி கொட்டகைக்குப் போனாள். இருக்க வேண்டாத காலமெல்லாம் அங்கே இருந்தவள், இப்போது என்னால் உண்மையாகவே இருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆறு நாளும் அவள் தொண்டையைச் செருமினால்கூட எனக்குச் சோறு இறங்காது. மண்டியிலிருந்து அவள் திரும்பி வரும் வழியில் மறைந்து நின்று, இருமுகிறாளா என்று கேட்டுக்கொண்டே பின்னால் நடப்பேன்.

ஏழாம் நாள் நர்சம்மாவே வந்தார். கிருமி இல்லை. அதிர்ஷ்டம் என்றார். மிச்சமிருந்த முப்பது நாள் மாத்திரையையும் அவரே ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து எண்ணிப் பார்த்துச் சாப்பிட வைத்தார். அம்மா குணமானாள். பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். அந்த நோய் அவளைத் திரும்பித் தொடவில்லை.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே அம்மா பாயை உள்ளே கொண்டுவந்து விரித்து, இடது கையை நீட்டி வைத்துக்கொண்டு, "வா" என்றாள். நான் போகவில்லை. போக முடியவில்லை. நான் பக்கத்தில் போனால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. நாலடி தள்ளிச் சுவரோரம் சாக்கை விரித்துப் படுத்தேன். "கோவமாடி?" என்றாள். இல்லை என்றேன். நாலைந்து நாள் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, கூப்பிடுவதை விட்டுவிட்டாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பதினைந்து வயதில் ஊரை விட்டேன். எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கவில்லை.

அம்மா இறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு, நாசிக்கில் வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். பொம்மிடி ஸ்டேஷனுக்கு என்னை ஏற்றிவிட அவளும் வந்தாள். வண்டி தாமதம். பிளாட்பாரத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் என் பை. என்ன தோன்றியதோ, அவளைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அந்த டைரியில முன்னாடி முன்னாடி ஒட்டுனது நான்தாம்மா."

"தெரியும்."

"நர்சம்மா சொன்னாங்களா?"

"அவங்க எதுக்குச் சொல்லணும்? கிளி ஒட்டின அன்னைக்கே தெரியும். நான் ஒட்டாத படத்த எனக்குத் தெரியாதா? மாத்திரையும் மிஞ்சுச்சு."

"தெரிஞ்சுமா விட்ட? செத்துப்போயிருந்தா?"

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் அவசரம் இல்லியாடி" என்றாள்.

நான் பையை எடுத்துக் கீழே வைத்தேன். ஆனால் நகர்ந்து உட்காரவில்லை. அவளும் நகரவில்லை. வண்டி வருவதாக மணி அடித்தார்கள்.

"எப்ப வருவ?"

"தை பொறந்ததும். பத்தாந்தேதி."

"அதுக்கு எத்தன நாள் இருக்குது?"

"நூறு நாளுக்கு மேல இருக்கும்."

"நடுவுல ஒண்ணு ரெண்டத் தாண்டிக்கிட்டு வந்துரு" என்று சிரித்தாள்.

அந்தத் தையிலும், அதற்கப்புறம் அவள் இருந்த இரண்டு தையிலும், நான் சொன்ன தேதிக்குத்தான் போனேன். ஒரு நாள்கூட முன்னால் போகவில்லை.